ஐந்து தடவை தப்பானால்

ஹூகோவ் தொழிற்பேட்டையின் வாசலில் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியபோது காற்று ரூயினின் தலைமுடியைப் பிய்த்து அவள் வாயிலேயே திணித்தது. அந்த ஊர்க் காற்றுக்கு மரியாதை என்பதே தெரியாது. ஜுன்லியாங் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தான்.

"முதல் நாளே பேய் மாதிரி உள்ள போகாத. முடியக் கட்டு."

"நீ ஓட்டின ஓட்டுக்கு உசிரோட வந்ததே பெருசு. முடியாம் முடி."

"இன்னொண்ணு. மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க. அந்த நேரத்துல ஃபோன் கீன்னு சத்தம் வந்துச்சு, ஃபாங் சார் கடிச்சுக் குதறிடுவாரு."

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அவன் இந்தத் தொழிற்சாலையில் ஷிப்ட் தலைவன். அவளுக்கு இங்கேயே கணினிப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. ஒரே வண்டி, ஒரே நேரம், ஒரே சாப்பாட்டுப் பெட்டிக் கடை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் நிஜமாகவே நினைத்தாள். பாவம்.

கார்களுக்கான தகரப் பாகங்கள் செய்கிற இடம் அது. கீழே பெரிய கூடம். வரிசையாக ராட்சத பிரஸ்கள். தகட்டை உள்ளே இருக்கும் அச்சின்மேல் வைத்தால் மேலேயிருந்து இரும்புப் பாறை இறங்கும், தகடு அந்த அச்சின் வடிவத்துக்கு வளைந்து வெளியே வரும். ஒவ்வொரு அடிக்கும் மாடியில் இருக்கும் அலுவலகத்தில் தேநீர்க் கோப்பை லேசாக நடுங்கும். ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் ஒரு பச்சை நிறத் தேங்காய் நொறுக்குப் பொட்டலம். இயந்திரம் சொன்னபடி கேட்க அது இருந்தாக வேண்டும், பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதியும் தாண்டியிருக்கக் கூடாது. மேலாளர் ஃபாங் தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறாரோ இல்லையோ, பொட்டலத்தின் தேதியை வாராவாரம் பார்ப்பார்.

ரூயினின் வேலை சாதாரணமானது. ஃபோன் அடிக்கும். யாரோ கடவுச்சொல்லை ஐந்து தடவை தப்பாக அடித்திருப்பார், கணக்கு பூட்டிக்கொண்டிருக்கும், இவள் திறந்துவிட வேண்டும். ஆனால் இங்கே கணக்கு என்பது மின்னஞ்சல் பார்க்க மட்டுமல்ல. பிரஸ்ஸை ஓட்ட, நிறுத்த, இறங்கியதைத் தூக்க, எதற்கும் பிரஸ்களின் பக்கத்திலிருக்கும் கணினிகளில் ஏதாவது ஒன்றில் ஆள் தன் பெயரும் கடவுச்சொல்லும் அடிக்க வேண்டும். யார் எத்தனை தகடு அடித்தார் என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் யோசனையோ.

மதியச் சாப்பாடு முடிந்தது. வறுத்த பன்றி இறைச்சியும் சோயாவில் ஊறிய முட்டையும் மணத்த அலுவலகத்தில் ஃபாங் எழுந்து விளக்குகளை அணைத்தார். திரைச்சீலைகளை இழுத்தார். கதவுக்கு உள்தாழ் போட்டார். கடைசியாக ரூயினின் மேசைக்கு வந்து, ஹெல்ப் டெஸ்க் ஃபோனின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டார்.

"சார், யாராவது கூப்பிட்டா?"

"தூங்குற நேரத்துல எவனும் சாகப் போறதில்ல. படும்மா."

எல்லோரும் குட்டித் தலையணைகளை மேசையில் போட்டுக் கவிழ்ந்தார்கள். நண்பகலில் அந்த அறை இருட்டிக் கிடந்தது. தைல வாசனை. யாரோ மெல்லக் குறட்டை விட்டார்கள். கீழே பிரஸ்களும் ஓய்ந்துவிட்டன. ரூயின் கன்னத்தை மேசையில் வைத்துக் கண்ணை மூடினாள்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

விசைப்பலகையின் சத்தம்தான். ஆனால் விரல் தட்டுகிற சத்தமில்லை. ஐந்தாறு விசைகள் சேர்ந்தாற்போல் ஒரே நேரத்தில் அமுங்கின. நின்றது. மறுபடி ஒரு கொத்து. பிசைகிற மாதிரி, இடிக்கிற மாதிரி.

தலையைத் தூக்கினாள். ஒருவர் கையும் அசையவில்லை.

சத்தம் அவள் காதுக்கு மிக அருகில், ஃபோனிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வயர் தரையில் கிடந்தது.

விளக்குகள் எரிந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. முதல் நாள் படபடப்பு, வேறென்ன. வயரைச் செருகிய கையோடு ஃபோன் அடித்தது.

"அண்ணி, நான் ஆகுன். கீழ அச்சு மாத்துற ஆளு. உங்க வீட்டுக்காரர் லியாங் அண்ணனோட கையாளுன்னு வச்சுக்குங்க. என் கணக்கு பூட்டிக்கிச்சு."

"எத்தனை தடவை தப்பா அடிச்சீங்க?"

"நான் எங்க அடிச்சேன்? அட்டையில படுத்துத் தூங்கிட்டு இருந்தேன். வீட்டுல பொண்டாட்டி வெளிய வச்சுப் பூட்டுறா, இங்க வந்தா கம்ப்யூட்டரும் பூட்டுது. நான் எங்கதான் போறது?" வெற்றிலைப் பாக்கை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான்.

திறந்துவிட்டாள். கணினிக்காரர்களின் முதல் மருந்து அது. பிறகுதான் பதிவைப் பார்த்தாள். ஐந்து தவறான முயற்சிகள். எல்லாம் மதியத் தூக்க நேரத்தில். வந்த இடம், பிரஸ் ஏழு.

"சார், ஏழாம் நம்பர் எங்க இருக்கு?"

ஃபாங்கின் பல்குச்சி பாதியில் நின்றது. "அது ஓடுறதில்ல. தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கு. பழைய பேரு எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். தோண்டாத. திறந்துவிட்டுட்டு வேலையப் பாரு."

தோண்டாமல் இருக்க அவளால் முடியாது. இப்படிப் பூட்டிக்கொள்கிற கணக்குக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு பழைய பொருள் ஒளிந்திருக்கும். மாற்றிய கடவுச்சொல் தெரியாத கைபேசி, எவரோ அணைக்க மறந்த மடிக்கணினி. அது பழையதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். ஆகுனின் கைபேசியைப் பார்த்தாள். அவன் தொட்ட கணினிகளையெல்லாம் துடைத்தாள். ஒன்றுமில்லை. மறுநாள் மதியம் பூட்டிக்கொண்டது. அதற்கும் மறுநாள் பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அவள் திறந்துவிட்டாள்.

அந்த வார முடிவில் அவளுக்கே அலுத்துவிட்டது. பூட்டிக்கொண்ட கணக்கு அரைமணி நேரத்தில் தானாகவே திறந்துகொள்ளும்படி விதியை மாற்றிவைத்தாள். எல்லாக் கணக்குக்கும்தான். இனி யாரும் ஃபோன் செய்ய வேண்டாம், யாரும் காத்திருக்க வேண்டாம். ஃபாங்குக்கு வாயெல்லாம் பல். அவளுக்கு ஜவ்வரிசி உருண்டை போட்ட பால் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"இதத்தான் நான் எதிர்பார்த்தேன். முன்னாடி இருந்தவனுக்கு இந்த மூளை இல்ல."

அடுத்த வாரம் ஒரு மதியம், இருட்டில், ரூயின் தன் திரையின் வெளிச்சத்தை மங்கவைத்துப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகுன் பெயரில் வரிசையாகச் சிவப்பு வரிகள் விழுந்தன. தவறு. தவறு. தவறு. பூட்டு. அரைமணியில் திறப்பு. தவறு. தவறு.

அப்புறம் ஒரு பச்சை வரி.

சரி. உள்ளே நுழைந்தாயிற்று. பிரஸ் ஏழிலிருந்து.

கீழேயிருந்து ஒரு அடி. கட்டடமே குலுங்கியது. ஒரே ஒரு அடி.

பிறகு அந்த அலறல்.

ஃபாங்கின் தாழ்ப்பாளை உடைக்காத குறையாகத் திறந்துகொண்டு ஓடினாள். நான்காம் பிரஸ் அடிவரை இறங்கியிருந்தது. ஆகுன் அதன் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தான், அச்சு மாற்ற விட்ட இரண்டு கையும் முழங்கைவரை உள்ளே. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு நகம் நுழையக்கூட இடமில்லை. அங்கேயிருந்து இரத்தம் எண்ணெயோடு கலந்து அகலமாக இறங்கியது. அவன் வாயிலிருந்த பாக்குச் சாறு சட்டையில் வழிந்து, எது எந்தச் சிவப்பு என்றே தெரியவில்லை.

"தூக்குங்கடா! தூக்குங்கடா!"

ஜுன்லியாங் கணினியில் தன் கடவுச்சொல்லை அடித்துக்கொண்டிருந்தான். எப்போதும்போல் இரண்டே விரல்களால். அவை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. தவறு. தவறு. ஐந்தாவது தடவையும் தவறானபோது அவன் திரையைப் பார்த்த பார்வை ரூயினைத் திகைக்கவைத்தது. அது அதிர்ச்சி இல்லை. முன்பே ஒருமுறை இதைப் பார்த்தவனின் முகம்.

அவனைத் தள்ளிவிட்டுத் தன் பெயரில் நுழைந்து பிரஸ்ஸைத் தூக்கினாள். ஆகுன் பின்னால் சரிந்தான். முழங்கைக்குக் கீழே இருந்தவை கைகள் என்று சொல்ல முடியாது. தகடு வளைகிற மாதிரி அச்சின் வடிவத்துக்கு வளைந்து, தட்டையாகிப்போயிருந்தன. ஆம்புலன்ஸ் வாசலுக்குள் திரும்பும்போது அவன் இறந்துவிட்டான்.

ஆய்வு செய்ய அதிகாரிகள் வந்தார்கள். பிரஸ்ஸின் மின்சாரம் அணைந்திருந்தது என்று தொழிலாளிகள் சத்தியம் செய்தார்கள். கணினியோ, ஓட்டியவர் ஆகுன் என்றது. அவன் பெயர், அவன் கடவுச்சொல். தானே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டான் என்று எழுதி முடித்தார்கள்.

நிறுவனம் வாசலில் மேசை போட்டுப் படையல் வைத்தது. கோழி, அன்னாசி, பீர், ஊதுவத்தி. வருகிற 'நல்ல சகோதரர்கள்', அதாவது நாதியற்ற ஆவிகள், கைகால் கழுவிக்கொள்ள ஒரு பேசினில் தண்ணீரும் வெள்ளைத் துண்டும். எடுத்துவைக்கும்போது ரூயின்தான் பார்த்தாள். கோழியை யாரும் தொடவில்லை. துண்டு மடித்த மடிப்புக் கலையவில்லை. பேசினில் மட்டும் தண்ணீர்மேல் இயந்திர எண்ணெய் படர்ந்து மின்னியது.

அன்று சாயங்காலம் வீட்டில் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. ஜுன்லியாங் சாப்பிடவில்லை.

"ஏழாம் நம்பர்ல என்ன நடந்துச்சு?" என்றாள்.

அவன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி பெங் அண்ணன்னு ஒருத்தர் இருந்தாரு. எனக்கு வேலை கத்துக்கொடுத்ததே அவர்தான். தகடு எண்ணிக்கை குறையுதுன்னு மத்தியானத் தூக்கத்துலயும் அச்சு மாத்துவாரு. ஒரு நாள் பிரஸ் இறங்கிடுச்சு. ரெண்டு மணிக்கட்டும் உள்ள."

"தூக்க வேண்டியதுதானே?"

"ஆகுன் அடிச்சான். அஞ்சு தடவையும் தப்பு. பூட்டிக்கிச்சு. நான் அடிச்சேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பரு, குறி… கை நடுங்குறப்ப எவனுக்குடி வரும்? எனக்கும் பூட்டிக்கிச்சு. மத்தவனுங்க எல்லாம் வெளிய சாப்பாட்டுக் கடையில. ஹெல்ப் டெஸ்க்குக்கு அடிச்சேன், அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன். மாடிக்கு ஓடிக் கதவத் தட்டினேன். பெங் அண்ணன் கடைசிவரைக்கும் நினைவோடதான் இருந்தாரு. கத்தக்கூட இல்ல. 'லியாங், ஏன் திறக்க மாட்டேங்குது?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவ்வளவு மெதுவா." அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "அவரு கை கிடைக்கவே இல்ல, ரூயின். கை இல்லாமதான் எரிச்சோம்."

ரூயின் அவன் கைகளைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகத்தில் எண்ணெய் ஏறிய, தடித்த, சூடான கைகள். இதற்கு எதுவும் ஆகவிடக் கூடாது என்று அவளுக்குள் ஒரு வெறியே பிறந்தது.

"நாளைக்கு வேலைக்குப் போகாத."

"ஆகுன் போயிட்டான். அச்சு மாத்த என்னைய விட்டா ஆள் கிடையாது. மெயின் சுவிட்ச அணைச்சுட்டுத்தான் கைய வைப்பேன். பயப்படாத."

மறுநாள் மதியம் ஃபாங் விளக்கை அணைத்து, தாழைப் போட்டு, வயரைப் பிடுங்கினார். ரூயின் பதிவைத் திறந்தாள்.

காவ் ஜுன்லியாங். தவறு. தவறு. தவறு.

ஃபோனிலிருந்து கொத்துக் கொத்தாக அந்தச் சத்தம்.

சத்தமில்லாமல் தாழைத் திறந்து கீழே இறங்கினாள். கூடம் இருண்டு கிடந்தது. அட்டைகளை விரித்து ஆட்கள் முகத்தில் தொப்பியோடு தூங்கினார்கள். கடைசி மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஏழாம் பிரஸ். அதன் தலையிலிருந்த பச்சைப் பொட்டலம் வெளிறி, எலி கடித்து, காலியாகக் கிடந்தது. நெருங்க நெருங்கத் துருவும் கெட்ட இரத்தமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

தார்ப்பாயைத் தூக்கினாள்.

கணினிக்கு மின்கம்பி இல்லை. வலைக்கம்பி வெட்டப்பட்டு, முனை தொங்கியது.

திரை எரிந்துகொண்டிருந்தது.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் கணவனின் பெயர். அதற்குக் கீழே கடவுச்சொல்லுக்கான கட்டம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையின் இடது ஓரத்தில் ஆறேழு விசைகள் ஒன்றாகக் குழிந்தன. மேலே வந்தன. அப்புறம் வலது ஓரத்தில். விரலில்லாத ஏதோ ஒன்று, மொட்டையான, கனமான ஏதோ ஒன்று, முட்டி முட்டித் தேடியது. விசைகளின் இடுக்கில் புது ஈரம் மினுங்கியது.

தவறு, என்றது திரை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பூட்டு செத்துப்போன பெங்கை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. பூட்டுதான் ஆகுனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து, இன்னும் ஐந்து தடவை முயன்று பார் என்று கொடுத்தவள் அவள். போதாதென்று, அரைமணிக்கு ஒருமுறை தானாகவே திறக்கும்படியும் செய்துவைத்தவள் அவள்.

திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் மறுகோடியில், மூன்றாம் பிரஸ்ஸில், காதடைப்பானை மாட்டிக்கொண்டு ஜுன்லியாங் குனிந்திருந்தான். இரண்டு கைகளும் உள்ளே.

"லியாங்!"

அவனுக்குக் கேட்கவில்லை.

"லியாங், கைய எடு! கைய எடு!"

தூங்கியவர்கள் எழுந்தார்கள். அவள் ஓடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கொத்து விசைகள் அமுங்கின.

அவளுடைய அசைவை ஓரக்கண்ணால் பார்த்து அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தொடங்கினான்.

பிரஸ் விழுந்தது.

மெயின் சுவிட்ச் அணைந்தேதான் இருந்தது. அதில் அவன் தொங்கவிட்ட 'தொடாதே' என்ற சிவப்பு அட்டை அதிர்வில் ஆடியது. அவன் அலறினான். மணிக்கட்டுகளிலிருந்து இரத்தம் பீய்ச்சி அவள் முகத்தில் அடித்தது, சூடாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினிக்குப் பாய்ந்தாள். தன் பெயர். கடவுச்சொல். விரல்கள் இரத்தத்தில் வழுக்கின.

தவறு.

நிதானம், நிதானம். தவறு. "ரூயின், தூக்கு!" தவறு. தவறு. யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். கடைசி எழுத்தில் கை வழுக்கியது.

கணக்கு பூட்டப்பட்டது. அரைமணி நேரம் கழித்து முயலவும்.

அவளே எழுதிய வாசகம் அது.

எழுந்து வந்தவர்களில் ஒருவன் இடுப்புப் பட்டையால் ஜுன்லியாங்கின் கைகளை இறுக்கிக் கட்டினான். இன்னொருவன் அவசரத்தில் தன் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தான். ரூயின் மாடிக்கு ஓடினாள். இருட்டில் மேசை மேசையாக முட்டி, தலையணையில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்த ஃபாங்கின் காலரைப் பிடித்துத் தூக்கினாள். கண்மூடித் துணியோடு எழுந்தவர், "யாரு விளக்கப் போட்டது?" என்றார். அவள் ஓங்கி அறைந்தாள். இரத்தக் கை அவர் கன்னத்தில் அப்படியே பதிந்தது. அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஃபாங்கின் கணக்கில் பிரஸ் மேலே எழுந்தது. ஜுன்லியாங் உயிரோடிருந்தான்.

ஆனால் அச்சுக்குள் தட்டையான இரண்டு கையுறைகள் மட்டும் கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை. மருத்துவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கைகளைக் கொண்டுவாருங்கள், ஒட்டிப் பார்க்கலாம் என்று. பிரஸ்ஸின் அடியிலும் தகரக் கழிவுத் தொட்டியிலும் ஆட்கள் பொழுது சாயும்வரை துழாவினார்கள்.

கிடைக்கவில்லை.

சில நாள் தொழிற்சாலையை மூடிவைத்தார்கள். பூசாரி வந்தார், மணி அடித்தார், காகிதம் எரித்தார். ரூயின் ஷின்ச்சூ நகரத்து ஆஸ்பத்திரியைவிட்டு நகரவில்லை. ஜுன்லியாங்குக்குச் சோறூட்டினாள், மூக்கைத் துடைத்துவிட்டாள். அவன், "இனிமே சண்டை போட்டா எனக்கு வாய்தான் ஆயுதம்," என்று ஒருநாள் கேலிபேசினான். அன்று அவள் கழிவறைக்குப் போய் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதாள். அவன் இருக்கிறான். அது போதும். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஃபாங் ஃபோன் செய்தார். கன்னம் இன்னும் வலித்ததோ என்னவோ, குரலில் குழைவு.

"ஏழாம் நம்பரக் கேஸ் கட்டர் வச்சுத் துண்டு துண்டா வெட்டி, காயலான் கடைக்கு அனுப்பியாச்சும்மா. என் கண்ணால பார்த்தேன். நீ லீவு எடுத்துக்கோ. நாளையிலேருந்து எல்லா பிரஸ்ஸும் ஓடணும். மத்தியானத்துலயே எல்லாத்துக்கும் ஒண்ணா அச்சு மாத்திடலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. புது ஆளுங்க நிறையப் பேரு வர்றானுங்க."

"சார், அந்த அரைமணி விதிய எடுத்துட்டீங்களா? என் கணக்க மூடச் சொன்னேனே?"

"ஆகட்டும், ஆகட்டும். ஒண்ணொண்ணா பண்ணுவோம்."

மறுநாள் மதியம். ஆஸ்பத்திரி வார்டிலும் சாப்பாட்டுக்குப்பின் விளக்குகளை அணைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டார். ரூயின் மடக்குக் கட்டிலில் தலைசாய்த்தாள்.

"ரூயின்." ஜுன்லியாங்கின் குரல் ரகசியமாக வந்தது. "தூங்கிட்டியா?"

"வலிக்குதா?"

"இல்ல. என் விரல் குளிருது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட மணிக்கட்டுகள் இரண்டும் தலையணைமேல் அசையாமல் கிடந்தன. இப்படித் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாத கை அரிக்கும், குளிரும், பயப்படாதீர்கள் என்று.

"எதையோ தட்டுது," என்றான். "விசைப்பலகை. எனக்குத் தெரியுது. ஆனா நான் ரெண்டு விரல்லதானே தட்டுவேன்? இப்ப பத்தும் போகுது. வேகமா. யாரோ என் கைய மாட்டிக்கிட்டுத் தட்டுற மாதிரி இருக்கு."

"என்ன தட்டுது, லியாங்?"

அவன் கண்ணை மூடி, விரல் விரலாகக் கவனித்துச் சொன்னான். முதல் எழுத்து. இரண்டாவது. மூன்றாவதுக்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவளுடைய பெயர்.

"இப்ப கீழ் கட்டத்துக்குப் போயிடுச்சு. இடது சுண்டுவிரல் ஷிப்ட்ட அமுக்குது…"

அடுத்து அவன் சொன்னது அவளுடைய கடவுச்சொல். சின்ன வயதில் அவள் வளர்த்த நாயின் பெயர், வீட்டு எண், ஓர் ஆச்சரியக்குறி. அவனுக்கேகூட அவள் சொன்னதில்லை. ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

அவளுடைய கணக்கு எல்லா பிரஸ்களுக்கும் பொது. எல்லாவற்றையும் அதனால் ஓட்ட முடியும். இந்த நேரம் கூடத்தில் வரிசையாக ஆட்கள் குனிந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்ட தைரியத்தில், இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அச்சு மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

"எண்டர் மட்டும் இன்னும் தட்டல," என்றான் ஜுன்லியாங். "விரல் அது மேல நிக்குது. அழுத்தாம… காத்துக்கிட்டு இருக்கு."

அவள் கைபேசியை எடுத்தாள். ஃபாங் எடுக்கவில்லை. தூங்குகிற நேரம். கூடத்தில் யாரும் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அவளுக்குத் தெரிந்த ஒரே எண்ணாக மிஞ்சியது அவளுடைய சொந்த மேசை எண்தான். வயர் தரையில் கிடக்கும் என்று தெரிந்தே அதை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்கள், யாராவது எடுங்கள் என்று கைபேசியைக் காதில் நசுக்கிக்கொண்டு கெஞ்சினாள்.

எடுத்தார்கள்.

"ஹலோ? யாரு? கீழ ஓடிப் போங்க, எல்லாரையும் கைய எடுக்கச் சொல்லுங்க!"

மறுமுனையில் மூச்சுக்கூட இல்லை. கட்டிலில் ஜுன்லியாங் திடுக்கிட்டு, "அழுத்திடுச்சு," என்றான்.

அப்போது ஃபோனில், அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரல், மிக மெதுவாக, நிம்மதியாகச் சொன்னது.

"திறந்துடுச்சு."